நாலு மணிக் கொடி

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. பாசமெல்லாம் அப்புறம், வந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஆறு வருஷம் அவள் ஓடிய லட்சணத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஓட்டம் என்று அவள்தான் சொல்லிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகத்தில் வீட்டுக்குத் திரும்புகிற ஆள் மாதிரி இருக்கும். நான் அவளுக்கு வைத்த பெயர் ரோடு ரோலர். அவள் முகத்துக்கு நேரேயே கூப்பிடுவேன், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

என் வேலை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஒரு நாளைக்கு எட்டு பேர் வருவார்கள், எட்டு பேரும் என் உயிரை வாங்குவார்கள். பிரேக்கை மிதி என்றால் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு என்னையே முறைப்பார்கள். நான் போடும் சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்கிறது என்று முதலாளிக்குப் புகார் போயிருக்கிறது. எங்கள் அம்மா வயிற்றில் இருந்த பொறுமை மொத்தத்தையும் முதலில் பிறந்தவளே வழித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கட்டிடத்தின் அடித்தளம், ஒரு ஜன்னல் கிடையாது. அங்கே ஒரு இஸ்திரி இயந்திரம் இருக்கிறது. ஆள் உயரத்துக்குச் சூடான உருளைகள். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். ஒரு விரிப்புக்குப் பதினைந்து விநாடி. முனை கொஞ்சம் கோணினாலும் சுருக்கம் விழுந்து, மறுபடி நனைத்து மறுபடி கொடுக்க வேண்டும். காலை ஐந்தரையிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும் அக்கா கொடுக்கிறவள். மூத்திரம் போவதற்குக்கூட சூப்பர்வைசர் இயந்திரத்தை நிறுத்துகிற நேரம் வர வேண்டும். அந்த ஆளை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கையில் சாவிக்கொத்தைச் சுற்றிக்கொண்டே பேசினான், எனக்குக் கை பரபரத்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இரண்டேகாலுக்குக் கிளம்பும் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆள் ஏறுவதில்லையாம். சலவைக் கூடத்துப் பெண்கள் முப்பது பேர் தினமும் அதில்தான் ஏறினார்கள். அவர்கள் ஆள் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. அக்கா இரண்டு முறை மனு எழுதினாள், பதில் இல்லை. அடுத்த பஸ் மூணே காலுக்கு. ஒரு வாரம் காத்திருந்து பார்த்துவிட்டு அக்கா நடக்க ஆரம்பித்தாள். வீடு ஐந்து கிலோமீட்டர். ஒரு மாதம் போனதும் நடுநடுவே ஓடத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு வயது நாற்பது.

"நடந்தா கோவம் தீர மாட்டேங்குதுடா. ஓடினா கொஞ்சம் தீருது" என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. நான் அப்போது எங்கள் ஊர் ஓட்டக் குழுவில் பெரிய ஆள். குழுவை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் முப்பது நாற்பது பேர் பூங்கா வாசலில் கூடி, ஓடுவதைவிட அதிகமாக வாட்சைப் பற்றியும் ஷூவைப் பற்றியும் பேசுவோம். அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். முதல் நாளே மானத்தை வாங்கினாள். எல்லோரும் முடித்து, தண்ணீர் குடித்து, அரட்டையும் ஓய்ந்த பிறகு மெதுவாக வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கடுப்பு.

"கொஞ்சம் வேகமா ஓடித் தொலையேன்" என்றேன்.

"வேகமா ஓடினா பேச முடியலடா. பேச முடியாத வேகத்துல நாளைக்கும் ஓட முடியாது. நான் நாளைக்கும் வீட்டுக்குப் போகணும்ல."

இதை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தினமும் ஓடித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்ததால் அவளாகக் கண்டுபிடித்தாள். மூச்சைச் சோதிக்க ஒரு வழியும் வைத்திருந்தாள். ஓடும்போது அன்றைக்குக் கொடுத்த துணிக் கணக்கை வாய்விட்டுச் சொல்லுவாள். "விரிப்பு எழுநூத்தி நாப்பது, தலையணை உறை ஐநூத்தி பத்து, ஆப்பரேஷன் பச்சைத்துணி இருநூறு." வார்த்தை உடைந்தால் வேகத்தைக் குறைப்பாள். தெருவில் பார்த்தவர்கள் என்னிடமே வந்து, "உங்க அக்காவுக்கு ஏதாவது பிரச்சனையா தம்பி?" என்று விசாரித்தார்கள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுவாள், நாலாவது வாரம் பாதியாகக் குறைப்பாள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏன் குறைக்க வேண்டும் என்று சண்டை போட்டிருக்கிறேன். "உருளைக்கே வாரத்துக்கு ஒரு நாள் ஆறவிடுறாங்க, எனக்கு வேணாமா?" என்பாள். வருஷத்துக்கு ஒரு மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முதல் தடவை ஐந்து மணி முப்பத்தெட்டு நிமிடம். அடுத்த வருஷம் ஐந்து மணி இரண்டு நிமிடம். அப்புறம் நாலு நாற்பத்தொன்று. நாலு இருபத்தாறு. போன வருஷம் நாலு மணி பதிமூன்று நிமிடம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. என் இரண்டாவது மாரத்தானிலேயே மூணு மணி நாற்பத்தொன்பது நிமிடம். குழுவே கைதட்டியது. அதன்பிறகு அதைத் தாண்ட வேண்டும் என்று பாய்ந்து பாய்ந்து ஓடி, முதலில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல், அடுத்து ஆடுசதை கிழிந்தது, அதற்கடுத்து குதிகால். ஒவ்வொரு தடவையும் ஆறாமலேயே எழுந்து ஓடினேன். ஆறு வருஷமாக என்னைப் பற்றிச் சொல்ல அந்த மூணு நாற்பத்தொன்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதை நான் சொல்லாமல் விட்ட இடமும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தையல்கடைக்காரர் குழுவில் சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது, பகல் முழுக்க மெஷினில் குனிந்து குனிந்து முதுகு வளைந்த மனிதர். வேகமாக ஓடுகிறவர்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஓடத் தொடங்கினார்கள். மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே ஓடுவார்கள். மூன்று மணி நேரம் பேச உலகத்தில் என்ன விஷயம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அவர் அவளைத் தங்கச்சி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். அவருடைய நேரமும் அக்காவைப் போலவே வருஷா வருஷம் இறங்கிக்கொண்டு வந்தது.

இந்த வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே குறி. நாலு மணிக்குள் முடிக்க வேண்டும். அடுத்த மாதம் சலவைக் கூடத்தை ஊருக்கு வெளியே மாற்றுகிறார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை, வேனில் கூட்டிப் போய் வேனில் கொண்டுவந்து விடுவார்கள். மதிய ஓட்டம் அதோடு சரி. தையல்காரருக்கோ முட்டி முனக ஆரம்பித்திருந்தது. அவருடைய டாக்டர் இந்த ஒரு மாரத்தானுக்குத்தான் தலையாட்டியிருந்தார்.

"நாலு மணி பத்து நிமிஷத்துல வந்தா குடியா முழுகிடும்?" என்று அக்காவைக் கேட்டேன்.

அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "அஞ்சரைக்கு அவன் சைரன் அடிக்கிறான். பதினஞ்சு செகண்டுக்கு ஒருதரம் மெஷின் கேக்குது. பஸ்ஸ அவனுங்க இஷ்டத்துக்கு நிறுத்துறானுங்க. என் வாழ்க்கையில எல்லா நேரமும் எவனோ வெச்சது. இந்த நாலு மணி நேரம் ஒண்ணுதான் நானா வெச்சது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் என்னைக் கூப்பிட்டு நாலு மணிக் கொடியைத் தூக்கச் சொன்னார். மாரத்தானில் இது ஒரு வேலை. முதுகுப் பையில் ஒரு கம்பியைச் செருகி, அதன் மேல் நேரம் எழுதிய கொடியைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடுவார். நாலு மணிக் கொடி என்றால் அவர் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் நாற்பது விநாடி என்று கடைசிவரை ஒரே சீராக ஓட வேண்டும். அந்த நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்கள் வாட்சைக்கூடப் பார்க்காமல் கொடியின் பின்னாலேயே வருவார்கள். "மூணு நாப்பத்தொன்பது ஓடின ஆளுக்கு இது காலை நடை மாதிரி" என்றார் டாக்டர். இந்த வருஷம் நான் ஓடிய அதிகபட்சத் தூரம் இருபத்து நாலு கிலோமீட்டர். அவரிடம் முப்பத்திரண்டு என்று சொல்லிவிட்டுக் கொடியை வாங்கிக்கொண்டேன்.

மாரத்தான் அன்று காலையில் கொடியைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். தையல்காரர் தானே தைத்த பனியனில் இருந்தார், கழுத்தோரம் உரசாமல் இருக்க உள்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைத்திருந்தார். அக்காவுக்கும் அதே மாதிரி ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார். "தம்பி, இன்னிக்கு உங்க பின்னாலதான்" என்று என் தோளைத் தட்டினார்.

முதல் ஆறு கிலோமீட்டர் இறக்கம். கால் தானாகவே ஓடியது. இறக்கத்தில் மட்டுமா, சமதளம் வந்த பிறகும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. ஓட்டக்காரர்களிடம் ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டு. ஆரம்பத்தில் கொஞ்சம் நேரத்தை மிச்சம் பிடித்து வைத்தால் கடைசியில் உதவும் என்று நினைப்பார்கள். உடம்பு அந்த மாதிரி எதையும் சேர்த்து வைக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை நானே எத்தனையோ முறை கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தச் சாக்குக்கூடத் தேவைப்படவில்லை. அக்கா என் பின்னால் பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். அவள் கொஞ்சம் திணற வேண்டும், என்னை எட்டிப் பிடிக்க ஒருதரமாவது அவளுக்கு மூச்சு வாங்க வேண்டும் என்று நினைத்தேன். உண்மை அதுதான், வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

மூன்றாவது கிலோமீட்டரில் அக்கா பக்கத்தில் வந்தாள். "அஞ்சு இருவத்தாறு போற. பதினாலு செகண்டு அதிகம்."

"இறக்கம்னா அப்படித்தான்."

"இறக்கத்துக்கும் சேத்துத்தான்டா கணக்கு. குறை."

"கொடி யார் முதுகுல இருக்கு?" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. இரண்டு பையன்கள் சிரித்தார்கள்.

அக்கா தையல்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க என்கூட வாங்க" என்றாள். அவர் தயங்கினார். அவளைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். "கொடிக்காரங்க தெரிஞ்சுதானே ஓடுவாங்க தங்கச்சி. இன்னிக்கு மட்டும் ரிஸ்க் எடுக்க வேணாம். நீயும் வா" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்தங்கினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே தெரியாமல் போனாள். எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். ரோடு ரோலர் என்று பெயர் வைத்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி தூரத்தை ஒரு மணி ஐம்பத்து நாலு நிமிடத்தில் தாண்டினோம். ஐந்து நிமிடம் முன்னால். கூட வந்தவர்கள் சந்தோஷமாகக் கை உயர்த்தினார்கள். இருபத்து நாலாவது கிலோமீட்டரில் ஒருவர் கழன்றார். இருபத்தேழில் நாலு பேர். சிரித்த பையன்கள் இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்கள். என் தொடை கல்லாகிக்கொண்டு வந்தது. வேகம் தானாகக் குறைந்தது, மிச்சம் பிடித்த ஐந்து நிமிடமும் எங்கே போனதென்று தெரியவில்லை. முப்பதில் என் பின்னால் தையல்காரர் மட்டும்தான் இருந்தார். அவர் மூச்சு விடுவது, துருப்பிடித்த கதவைத் திறந்து மூடுகிற மாதிரி எனக்குக் கேட்டது. முப்பத்து மூன்றில் அந்தச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஆடுசதையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நிற்கவில்லை. அடுத்த கிலோமீட்டரில் நானே நடக்கத் தொடங்கினேன்.

அங்கேதான் அக்கா என்னைத் தாண்டினாள். அதே வேகம், மூன்றாவது கிலோமீட்டரில் எப்படி ஓடினாளோ அப்படியே. உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகில் ஆடிய கொடியை ஒரு தடவை பார்த்தாள், போய்விட்டாள்.

நாலு மணி என்று எழுதிய கொடியோடு நான் நாலு மணி இருபத்தேழு நிமிடத்துக்கு முடிவுக் கோட்டைத் தாண்டினேன். மைக்கில் இருந்தவன், "நாலு மணிக்காரர் வந்துட்டாரு, கொஞ்சம் டிராபிக் போல" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் பல்லைப் பெயர்க்கலாம் போல இருந்தது. முடித்தவர்களின் நேரம் காட்டும் பக்கத்துப் பலகையில் அக்காவின் நேரம் வந்து போனது. மூணு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் முப்பத்தொரு விநாடி.

அக்கா ஓர் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷம் உழைத்ததை வாங்கிவிட்டவள் முகம் அப்படி இருக்காது. கூட வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் கட்டிப்பிடிக்க வந்து, அவளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். நான் போய், "சாதிச்சிட்டியே" என்றேன்.

"அண்ணன் எங்க?"

"வந்துட்டிருப்பாரு."

"அவர் ரோட்டு ஓரத்துல உக்காந்திருந்தாரு. என்னப் பாத்ததும் கையை ஆட்டி, போ போன்னாரு. நான் நிக்கலடா. நின்னா எனக்கும் நாலு மணி போயிடும்னு நிக்காம வந்தேன். மூணு வருஷம் கூட ஓடின மனுஷனைத் தாண்டி வந்தேன்." அவள் குரல் நடுங்கியது. அழுகை என்று நினைத்தேன். கோபம். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"என் மேல இருக்குற எரிச்சல என்கிட்ட காட்டியிருக்கணும். கொடிய நம்பி வந்தவங்க உனக்கு என்னடா பண்ணாங்க?"

"எனக்கும்தானேக்கா முடியாம போச்சு. வேணும்னா செஞ்சேன்?"

"ஆமா, வேணும்னுதான் செஞ்ச" என்றாள். "நீ எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும். கூடப் பொறந்தவ. மூணாவது கிலோமீட்டர்ல உன் முதுகப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டு ஒதுங்கிட்டேன். உன்ன நம்பல, அதான் வந்து சேந்தேன். அவங்களுக்கு எப்படிடா தெரியும்?"

முதுகிலிருந்து கம்பியை உருவப் பார்த்தேன், பட்டை சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

நாலு மணி ஐம்பத்து மூன்று நிமிடத்துக்குத் தையல்காரர் வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்துப் பக்கவாட்டில் நடந்து வந்தார். அக்கா எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முதலில் அவளிடம், "கிடைச்சுதா?" என்று கேட்டார். அவள் தலையசைத்ததும் முகமெல்லாம் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. நீங்க கரெக்டாதான் கூட்டிட்டுப் போனீங்க. என் காலுதான் காலை வாரிடுச்சு. வயசாச்சுல்ல."

அப்படியே விட்டிருந்தால் அவர் சாகும்வரை தன் காலைத்தான் திட்டிக்கொண்டிருப்பார், என் மேல் ஒரு தூசு விழாது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு" என்றாள்.

"உங்க கால் இல்லண்ணே" என்றேன். "தப்பு என்னோடது. நான்தான் வேகமா போனேன். தெரிஞ்சேதான் போனேன்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. "எவ்வளவு வேகம்?"

"கிலோமீட்டருக்குப் பதினாலு செகண்டு."

அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி திறந்து மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன்.

"மூணு வருஷம் தம்பி" என்றார். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, உட்கார இடம் தேடிப் போனார்.